பிடுங்கிய பல்லின் வலி

நுகர்வோர் மன்றத்துக்கு வரும் பல் வழக்குகள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். செட் பல் பொருந்தவில்லை. கேப் ஆறு மாதத்தில் கழன்றுவிட்டது. வேர் சிகிச்சையின்போது ஊசி முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. எடுக்க வேண்டிய பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லை எடுத்துவிட்டார்கள். எக்ஸ்ரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடிவிடலாம். 2009 கடைசியில் என் மேசைக்கு வந்த மனு அந்த ரகம் இல்லை. தன் கீழ்த்தாடையின் இடப்பக்கக் கடைவாய்ப் பல் தாங்க முடியாமல் வலிக்கிறது என்று மனுதாரர் 11ஆவது பத்தியில் சொல்லியிருந்தார். அந்தப் பல் பிடுங்கப்பட்டுவிட்டது என்று 9ஆவது பத்தியில் சொல்லியிருந்தவரும் அவரேதான்.

“ஒன்பதையும் பதினொண்ணையும் அடுத்தடுத்துப் படிச்சுக் காட்டினாலே போதும் சார், தள்ளுபடி ஆயிடும்” என்றார் என் ஜூனியர். முதல் எதிர்மனுதாரரான பல் மருத்துவருக்காக நான் வக்காலத்துப் போட்டிருந்தேன். அதனால் ஜூனியர் சொன்ன வழி எனக்கும் இனித்திருக்க வேண்டும். ஆனால் பணம் பறிக்கப் பொய் சொல்பவர், இத்தனை சுலபமாக மாட்டிக்கொள்ளும் பொய்யையா தேர்ந்தெடுப்பார்? மனுவோடு இணைத்திருந்த ரசீதுகளையும் ஓ.பி. சீட்டுகளையும் எடுத்துத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னேன்.

மனுதாரர் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் ஆசிரியை. ஐம்பது வயதைத் தாண்டியவர். வழக்கு நடந்த காலம் முழுக்க, மன்ற ஊழியர்கள் உட்பட எல்லோரும் அவரை ‘டீச்சர்’ என்றே சொன்னோம். இங்கும் அப்படியே சொல்கிறேன். ஊரையும் பெயர்களையும் சொல்லப் போவதில்லை.

2008 ஜனவரியில் டீச்சருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. என் கட்சிக்காரர் வேர் சிகிச்சை செய்து, கேப் போட்டு அனுப்பினார். இரண்டு வாரத்தில் டீச்சர் திரும்பி வந்தார். “கடிக்கும்போது இந்தப் பல்லுதான் முதல்ல முட்டுது.” நீலத்தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்து, முட்டும் இடத்தை லேசாகத் தேய்த்துவிட்டார். மறுபடி வந்தார், மறுபடி தேய்த்தார். பிறகு தன் செலவிலேயே வேறு கேப் செய்து போட்டார். “என் பழைய கடி வரலை டாக்டர்” என்றார் டீச்சர். கடியில் தொடங்கிய புகார் போகப் போக வலியாக மாறியது. படம் எடுத்துப் பார்த்தால் வேர் நுனிவரை நன்றாக அடைக்கப்பட்டிருந்தது, எலும்பில் கோளாறு இல்லை, தட்டினால் வலி இல்லை. ‘எடுத்துவிடுங்கள்’ என்று டீச்சர் கேட்டார். என் கட்சிக்காரர் மறுத்தார்.

டீச்சர் அங்கிருந்து போனது இரண்டாம் எதிர்மனுதாரரிடம். குளிர்சாதன வசதியோடு புதிதாகத் திறந்த கிளினிக். அவர் கேப்பைக் கழற்றி வேர் சிகிச்சையை மறுபடி செய்தார். வலி பக்கத்துப் பல்லுக்குப் போனது. அதற்கும் வேர் சிகிச்சை. மேல்வரிசைப் பல்லுக்குப் போனது; அதற்கும். 2009 தொடக்கத்தில் முதல் பல்லைப் பிடுங்கினார். சில நாள் நிம்மதி. பிறகு அதே வலி, வெறும் ஈறில். கூடவே நாக்கில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிச்சல். காலையில் இருக்காது, பொழுது சாயச் சாய ஏறும். காது மூக்கு தொண்டை மருத்துவர், நரம்பியல் மருத்துவர், எம்.ஆர்.ஐ. எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதிலும் ஒன்றும் இல்லை. கடைசியாக ஒரு அரசு பல் மருத்துவக் கல்லூரி. அங்கே வாய் நோயியல் பிரிவில் எழுதிக் கொடுத்த சீட்டில் இரண்டு வரி: ரத்தப் பரிசோதனை செய்யவும்; மனநல மருத்துவரின் கருத்தைப் பெறவும்.

வழக்கு பிறந்தது அந்த இரண்டாம் வரியில்தான் என்று நான் நினைக்கிறேன். மூன்று பல் கெட்டபோதும், அறுபதாயிரத்துக்கு மேல் செலவானபோதும் வழக்குப் போடாதவர், அந்தச் சீட்டு கைக்கு வந்த மாதத்தில் வழக்கறிஞரிடம் போயிருக்கிறார். ‘என்னைப் பைத்தியம் என்று முத்திரை குத்திவிட்டார்கள்’ என்று மனுவிலேயே ஒரு வாக்கியம் இருந்தது. சீட்டு எழுதியவர் மேல் வழக்கில்லை. தொடங்கி வைத்தவர், முடித்து வைத்தவர் என்று இரண்டு பேர்மேல் மட்டும். கேட்ட இழப்பீடு நாலரை லட்சம்.

என் கட்சிக்காரருக்கு அந்தச் சீட்டு கிடைத்ததும் உற்சாகம் தாங்கவில்லை. “சார், அந்தம்மாவுக்கு மனசுலதான் கோளாறு. அரசாங்க டாக்டரே எழுதியிருக்காரு. அதை எதிருரையில முதல் பத்தியிலேயே போட்டுருங்க.”

போட மறுத்தேன். இரக்கத்தால் இல்லை, தொழில் கணக்கால். ஒரு சங்கதியை எதிருரையில் எழுதினால் அதை நிரூபிக்கும் சுமை நம் தலையில் ஏறும். ‘கருத்தைப் பெறவும்’ என்ற வரி நோயை நிரூபிக்காது. அப்படியே நிரூபித்தாலும் அது எதற்குப் பதில்? மருத்துவர் கவனமாகச் சிகிச்சை செய்தாரா என்பதுதான் மன்றத்தின் முன் இருந்த கேள்வி. நோயாளியின் மனம் எப்படி இருந்தது என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. டாக்டருக்கு என் மேல் வருத்தம்தான். வேறு வக்கீலைப் பார்க்கலாமா என்று அவர் மைத்துனரிடம் கேட்டதாகப் பிற்பாடு காதில் விழுந்தது.

அவரைக் காப்பாற்றப்போவது வேறு ஒரு தாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கேஸ் ஷீட். கோழிக் கிறுக்கல்தான், ஆனால் தேதி விடாமல் எழுதியிருந்தார். 2008 ஜூன் மாதப் பதிவு ஒன்று: ‘தட்டினால் வலி இல்லை. படம் இயல்பு. பல்லை எடுக்கச் சொல்கிறார். எடுக்கத் தேவையில்லை என்று சொல்லப்பட்டது.’ இந்த நாலு வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைக்க மனநலச் சீட்டுக்குத் தகுதியே இல்லை.

வழக்குக்காக நான் படித்தவற்றில் சிலவற்றை இங்கே சொல்லியாக வேண்டும். கடி சரியில்லை, பழைய கடி வரவில்லை என்று மருத்துவர் மாற்றி மருத்துவராக அலைபவர்களைப் பற்றி அமெரிக்கப் பல் மருத்துவர் ஜோசப் மார்பாக் 1976இலேயே எழுதி, அதற்கு ‘மாயக் கடி’ என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்துவிட்டார். அளந்து பார்த்தால் கடியில் பிசகு இருக்காது. அவர்களோ இரவும் பகலும் பல்லோடு பல்லை வைத்துச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு முடி பல்லிடையே சிக்கினாலே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவ்வளவு நுட்பமான உணர்ச்சி உள்ள இடத்தில் ஓயாமல் கவனத்தை வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு தேய்ப்பும் புதிய கடியைக் கொண்டுவரும், புதிய கடி புதிய கவனத்தைக் கொண்டுவரும். டோக்கியோவின் மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மனம் சார்ந்த பல் மருத்துவத்துக்கென்றே ஒரு துறை இருந்தது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஈறிலிருந்து கம்பி வருகிறது, வாயில் பசை ஊறிக்கொண்டே இருக்கிறது என்று சொல்பவர்களையும் அங்கே பார்த்தார்கள்.

பல் போன பிறகும் தொடரும் வலிக்கும் மருத்துவ நூல்களில் இடமிருக்கிறது. பல்லிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதை ஒருமுறை விழித்துக்கொண்டால், பல்லை எடுத்த பிறகும் அது உறங்க மறுக்கலாம். கவலை, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் அந்த விழிப்பை நீட்டிக்கும். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குத் தாடைத் தசை வலி பல் வலியாகத் தோன்றுவதும் உண்டு. இதில் எது மனம், எது நரம்பு என்று கோடு கிழிக்க மருத்துவர்களே தயங்குகிறார்கள். சட்டப் புத்தகம் படித்த நான் கிழித்துவிட முடியுமா?

இரண்டாம் எதிர்மனுதாரரின் வழக்கறிஞருக்கு அந்தத் தயக்கம் இல்லை. டீச்சரை மனநலப் பரிசோதனைக்கு அனுப்ப உத்தரவிட வேண்டும் என்று இடைக்கால மனுப் போட்டார். ஆதாரமாக அவர் காட்டியது சாரதா எதிர் தரம்பால் என்ற 2003ஆம் வருட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அது விவாகரத்து வழக்கு. மணவழக்கில் ஒருவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் கேட்பவரிடம் வலுவான முகாந்திரம் இருக்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு. பல் வழக்கில் அதைக் கொண்டுவந்து வைத்ததும் மன்றத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “கவுன்சல், அந்தம்மாவுக்கு மனநோய் இருக்குன்னே வச்சுக்குவோம். உங்க கட்சிக்காரர் எடுத்தது மனசையா, பல்லையா?” மனு தள்ளுபடி. எனக்கு நோட்டீஸ் வந்திருந்தும் அந்த மனுவை நான் ஆதரிக்கவில்லை. எதிர்க்கவும் இல்லை, என் கட்சிக்காரர் அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்.

நிபுணர் கருத்து வேண்டும் என்ற மனு மட்டும் எங்கள் இரண்டு தரப்புக்கும் பொது. அந்தச் சமயத்தில் சட்டம் ஊசலாடிக்கொண்டிருந்தது. மருத்துவ அலட்சியப் புகார் என்றால் முதலில் நிபுணரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2009 பிப்ரவரியில் மார்ட்டின் டிசூசா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லா வழக்குக்கும் அது தேவையில்லை என்று 2010 மார்ச்சில் கிஷன் ராவ் வழக்கில் அதே நீதிமன்றம் திருத்தியது. எங்கள் மன்றம் முன்னதைப் பின்பற்றி, வேறொரு பல் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரிடம் கட்டை அனுப்பிவிட்டிருந்தது. அவர் டீச்சரை நேரில் பார்த்து அறிக்கை தந்தார். சாட்சி சொல்லவும் வந்தார்.

இரண்டாம் எதிர்மனுதாரரின் வழக்கறிஞர் முதலில் எழுந்தார். நாக்கெரிச்சல் சாப்பிடும்போது குறைகிறது என்று டீச்சர் சொன்னது அறிக்கையில் பதிவாகியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

“புண்ணோ நோயோ இருந்தால் சாப்பிடும்போதுதானே எரிச்சல் கூட வேண்டும்? குறைகிறது என்றால் சொல்வது பொய்தானே?”

“இல்லை. இந்த நோயில் பலருக்குச் சாப்பிடும்போது குறையும். காலையில் குறைவாக இருந்து சாயங்காலம் கூடும். நடிப்பவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் சாப்பிட முடியவில்லை என்றுதான் சொல்வார்கள்.”

மன்றத்தில் யாரோ சிரித்தார்கள். பொய்யைக் காட்டிக்கொடுக்கும் என்று நினைத்த வாக்கியமே டீச்சரின் உண்மைக்குச் சாட்சியாகிவிட்டது. அடுத்து டீச்சரின் வழக்கறிஞர். வயதில் சிறியவர், கெட்டிக்காரப் பெண்.

“முதல் எதிர்மனுதாரர் செய்த வேர் சிகிச்சையால்தானே இந்த வலி வந்தது?”

“அப்படிச் சொல்ல முடியாது. வேர் சிகிச்சை சரியாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. சரியாகச் செய்தாலும் சிலருக்கு வலி தங்கிவிடும்.”

“அப்படியானால் காரணம்?”

“தெரியாது.”

பேராசிரியர்கள் சாட்சிக் கூண்டில் அந்தச் சொல்லைச் சொல்வது அபூர்வம். அவர் சொன்னதோடு நிற்கவில்லை. மனநல ஆலோசனை என்று எழுதுவதற்கு முன்னால் ரத்தசோகை, பி12 குறைபாடு, சர்க்கரை, தைராய்டு, வாய்ப்பூஞ்சை, வாய் உலர்தல், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கிளினிக்கிலும் யாரும் பார்க்கவில்லை என்றார். டீச்சருக்கு ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த பிறகு எரிச்சல் ஓரளவு தணிந்தது, வலி தணியவில்லை. ஆக, ‘எல்லாம் மனசு’ என்ற கட்சியும் தோற்றது, ‘மனசே இல்லை’ என்ற கட்சியும் தோற்றது.

நுகர்வோர் மன்றத்தில் வழக்கமாகப் பிரமாணப் பத்திரத்தோடு வேலை முடிந்துவிடும். இந்த வழக்கில் நேரடிக் குறுக்கு விசாரணைக்கு அனுமதி கிடைத்தது. டீச்சரிடம் நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று.

“பல்லை எடுத்துவிடச் சொல்லி நீங்கள்தான் என் கட்சிக்காரரிடம் கேட்டீர்கள், இல்லையா டீச்சர்?”

“ஆமா. அவரு எடுக்க மாட்டேன்னுட்டாரு.”

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். குறுக்கு விசாரணையில் ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது என்பது சீனியர்கள் சொல்லித்தரும் பாலபாடம். ஆனால் என்ன பதில் வந்தாலும் என் கட்சிக்காரருக்கு நஷ்டமில்லாத நிலையில் இருந்தேன். கேட்டேன்.

“எங்க அக்காவுக்கு இப்படித்தான் சார் ஆரம்பிச்சுது. பல்லுவலின்னுதான் நினைச்சோம். நான்தான் கூடவே இருந்து பாத்தேன். முந்தின வருசம்தான் போனாங்க.”

அக்காவுக்கு வந்தது வாய்ப் புற்றுநோய். இடப்பக்கக் கீழ்த்தாடை. டீச்சர் பல்லை எடுத்துவிடச் சொன்னது வலிக்காக மட்டும் இல்லை. உள்ளே இருப்பது எதுவானாலும் பல்லோடு போய்விடட்டும் என்றுதான். மூன்று இடத்து கேஸ் ஷீட்டுகளிலும் குடும்ப நோய் வரலாறு என்று ஒரு கட்டம் அச்சாகியிருந்தது. இரண்டில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். என் கட்சிக்காரருடையதில் காலி.

“இதை டாக்டர்கள் யாரிடமாவது சொன்னீர்களா?”

“நாற்காலியில உக்காந்ததும் வாயைத் தொறந்து வைக்கச் சொல்லிடுறாங்க. எப்படிச் சொல்றது?”

அக்காவின் சாவால்தான் டீச்சருக்கு வலி வந்தது என்று நான் சொல்லவில்லை. சொத்தை உண்மை, அதன் வலியும் உண்மை. பயம் வலியைப் பிடித்து வைத்துக்கொண்டதா, வலி பயத்தைக் கிளறியதா என்பதைப் பேராசிரியராலேயே சொல்ல முடியவில்லை. ஆனால் ‘இது புற்றுநோய் இல்லை’ என்ற வாக்கியத்தை ஒருவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால், எடுத்துவிடு எடுத்துவிடு என்ற அவசரம் குறைந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். கேள்வி வராமல் அந்தப் பதில் வராது. கேட்க வேண்டியவர்கள் கேட்காததை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும்படி ஆனது.

வாதத்தின்போது அந்த இளம் வழக்கறிஞர் எங்கள் பக்கத்து ஆயுதத்தையே எங்கள்மேல் திருப்பினார். மெல்லிய மண்டையோடு உள்ளவனை அடித்தால், ‘கெட்டி மண்டையாக இருந்திருந்தால் உடைந்திருக்காது’ என்று சொல்லித் தப்ப முடியாது. 1901இல் இங்கிலாந்தில் டூலியூ வழக்கில் சொல்லப்பட்ட விதி. ‘என் கட்சிக்காரரின் மனம் மெல்லியது என்கிறீர்களா, சரி, அப்படியானால் கூடுதல் கவனமல்லவா தேவை’ என்றார். நல்ல வாதம். அந்த விதி, முதலில் அடி விழுந்திருந்தால்தான் பொருந்தும் என்பது என் பதில். என் கட்சிக்காரர் கொடுத்த அடி எது என்று அவரால் காட்ட முடியவில்லை.

நான் நம்பியது, 1957இல் லண்டனில் போலம் வழக்கில் பிறந்து, 2005இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பில் நம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அளவுகோலை. அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் செய்திருக்கக்கூடியதை இவரும் செய்தாரா என்பதுதான் அது. பல நாடுகளில் மருத்துவர்களை அளக்கும் அந்தக் கோல் மனச்சோர்வு நோயாளி ஒருவரின் வழக்கிலிருந்து வந்தது என்பதை வக்கீல்களே மறந்துவிடுகிறோம். மின் அதிர்ச்சி சிகிச்சையில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வழக்கிலும் அவர் தோற்றார்.

இரண்டாம் எதிர்மனுதாரரின் கடைசிப் புகலிடம் ஒரு வாக்கியம்: ‘அவங்களே எடுக்கச் சொன்னாங்க.’ சம்மதப் படிவத்தில் டீச்சரின் கையெழுத்து இருந்தது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன சம்மதம் வேறு. என்ன சிகிச்சை, ஏன், மாற்று வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்து கொடுப்பது. அந்தப் படிவத்தில் ஏன் என்பதற்கு ‘வலி’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. நோயாளி கேட்டார் என்பது பல்லில் நோய் இருந்ததற்கு ஆதாரம் ஆகாது. இரண்டு நல்ல பற்களின் கூழை எடுப்பதற்கு முன் எந்தச் சோதனையும் செய்யப்பட்டதாக ஒரு வரிகூட இல்லை.

2012இல் தீர்ப்பு வந்தது. முதல் எதிர்மனுதாரர்மீது மனு தள்ளுபடி, செலவுத் தொகை இல்லை. இரண்டாமவரின் சேவையில் குறைபாடு உண்டு: நோய்க்குறி இல்லாத இரண்டு பற்களில் மாற்ற முடியாத சிகிச்சை செய்தது, காரணம் எழுதாமல் ஒரு பல்லை எடுத்தது. இழப்பீடு 75,000 ரூபாய், வழக்குச் செலவு 5,000. வலிக்கென்று கேட்ட தொகை மறுக்கப்பட்டது. ‘மனுதாரருக்கு வலி இருக்கிறது என்பதை இந்த மன்றம் நம்புகிறது, அதை எதிர்மனுதாரர்கள் உண்டாக்கினார்கள் என்பது நிரூபிக்கப்படவில்லை’ என்று உத்தரவில் எழுதியிருந்தார் தலைவர். யாரும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு டீச்சர் மனநல மருத்துவரைப் பார்த்தார் என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னார். மிகக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் ‘இது மனச்சோர்வு மாத்திரை’ என்றதும் மகன் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். மருத்துவர் கூப்பிட்டு, இது நரம்பு வலிக்கும் கொடுப்பதுதான் என்று விளக்கியிருக்கிறார். வலி பாதியானது என்றும், வாய் உலர்கிறது என்று இப்போது புதுப் புகார் என்றும் கேள்வி. வாய் உலர்வது அந்த மாத்திரையின் குணம். மறு வருடம், 2013இல், அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில், ‘உடலில் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்பதை வைத்தே ஒருவருக்கு மனம் சார்ந்த நோய் என்று பெயரிடும் வழக்கத்தைக் கைவிட்டார்கள். எங்கள் வழக்கில் அது முன்கூட்டியே இருந்திருந்தால் நிறையப் பேச்சு மிச்சமாகியிருக்கும்.

என் கட்சிக்காரரின் கேஸ் ஷீட்டில் குடும்ப வரலாற்றுக் கட்டம் இப்போது காலியாக விடப்படுவதில்லை.

இப்படி அலைந்துகொண்டிருக்கும் யாராவது இதைப் படித்தால், மூன்று காரியம் செய்யுங்கள். பல்லை எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னாலும் வேண்டாம் என்று சொன்னாலும் காரணத்தை எழுதி வாங்குங்கள். படங்களையும் சீட்டுகளையும், மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்ன சீட்டு உட்பட, கிழிக்காமல் வையுங்கள். எங்கள் வழக்கில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னதும் அந்தச் சீட்டுதான். வழக்குத்தான் வழி என்று முடிவு செய்தால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.